மேஜிக் லேண்டர்ன் நீண்ட காலப் பயன்பாட்டில்: கேமராவைவிடக் கார்டுக்குத்தான் பயப்பட வேண்டும்

வெளி ஃபர்ம்வேர் (கேமராவை இயக்கும் உள் மென்பொருள்) என்றதும் முதலில் வரும் கேள்வி, "கேமரா செத்துப்போய்விடுமா?" என்பதுதான். கேனான் இஓஎஸ் கேமராக்களில் கூடுதல் வசதிகளைத் தரும் வெளி மென்பொருளான மேஜிக் லேண்டர்னை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது பின்னுக்குப் போய்விடும். கேமரா அடியோடு போவது அபூர்வம். படம் எடுக்கும் நேரத்தில் உறைந்து நிற்பதுதான் அன்றாடத் தொல்லை.

காரணம், அது ஏறும் விதம். கேனானின் ஃபர்ம்வேரை மேஜிக் லேண்டர்ன் அழித்து எழுதுவதில்லை. கேமராவுக்குள் நிரந்தரமாக மாறுவது பூட் ஃப்ளாக் என்ற ஒரு குறி மட்டுமே. அதன் பிறகு ஆன் செய்யும்போதெல்லாம் கேமரா கார்டைப் பார்க்கும். அது பூட் குறி இடப்பட்ட கார்டாக (பூட் கார்டு) இருந்தால் அதிலுள்ள ஆட்டோஎக்ஸெக்.பின் கோப்பை மெமரியில் ஏற்றி ஓட்டும். கேனானின் சிறிய பவர்ஷாட் கேமராக்களுக்கான இதே போன்ற மென்பொருளான சிஎச்டிகே இன்னும் சாது: கார்டின் லாக்கைத் தள்ளினால் ஏறும், விலக்கினால் சுவடே இருக்காது. பானாசோனிக் ஜிஎச்2-க்கு வந்த பிடூல் வேறு ரகம். மாற்றப்பட்ட ஃபர்ம்வேரையே கேமராவில் எழுதிவிடும். பாதியில் பேட்டரி போனால் கேமராவே போகலாம். எதைப் போடுவதற்கு முன்னும் அது எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவும்போது பெரும்பாலும் சறுக்குவது கேமராவிலுள்ள கேனான் ஃபர்ம்வேரின் பதிப்பு எண்ணில்தான். 550டி என்றால் 1.0.9, 600டி என்றால் 1.0.2, 5டி மார்க் 3 என்றால் 1.1.3 அல்லது 1.2.3. "புதியதுதானே நல்லது" என்று கேனானின் அடுத்த அப்டேட்டைப் போட்டுவிட்டால் மேஜிக் லேண்டர்ன் ஏறாது. பேட்டரியை முழுதாக ஏற்றி, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, கோப்புகளைக் கார்டின் முதல் நிலையில் நகலெடுக்க வேண்டும். டயலை எம் (மேனுவல்)-இல் வைத்து ஃபர்ம்வேர் அப்டேட்டை ஓட்டுங்கள். திரை சொல்லும்வரை எதையும் தொடாதீர்கள். பிற்பாடு மேஜிக் லேண்டர்னின் புதிய பில்டுக்கு (வெளியீட்டுக்கு) மாறும்போது பழைய கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுப் போடுவது நல்லது. பழைய மாட்யூலும் (கூடுதல் வசதிக்கான துணைக் கோப்பு) புதிய பில்டும் ஒத்துப்போகாது.

இனி கார்டு. பூட் ஃப்ளாக் இருப்பது கேமராவில். பூட் குறி இருப்பது கார்டில். இவை இரண்டும் வேறு வேறு என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. கணினியில் கார்டைத் திறந்து, இடம் வேண்டுமென்று கோப்புகளை மட்டும் அழித்தால் குறி அப்படியே நிற்கும், ஆட்டோஎக்ஸெக்.பின் போயிருக்கும். அந்தக் கார்டோடு கேமரா ஆன் ஆகாது, பொத்தான் எதுவும் வேலை செய்யாது. "செத்துவிட்டது" என்ற புலம்பல்களில் கணிசமானவை இந்த வகைதான். பேட்டரியைக் கழற்றி, கார்டை எடுத்துவிட்டு, வேறு கார்டு போட்டால் உயிர் வந்துவிடும். சிக்கல் கார்டைக் கார்டு ரீடரில் ஃபார்மேட் செய்தால் போதும்.

கார்டு மூடியைத் திறந்த கையோடு கார்டை உருவுவதும் கூடாது. எல்இடி அணையும்வரை பொறுக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா உள்ளுக்குள் உறைந்து, வெளியே அணைந்தது போலவே இருந்து, பேட்டரியை உறிஞ்சிவிடும். பைக்குள் வைத்த கேமராவில் காலையில் சார்ஜ் இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ரா வீடியோவுக்காக (சென்சாரின் தரவை அப்படியே பதிவது) வருபவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு வரட்டும். 1920×1080, 14 பிட், 24 ஃப்ரேம் என்றால் நொடிக்குச் சுமார் 87 எம்பி. 64 ஜிபி கார்டு 12 நிமிடத்தில் நிரம்பும். 5டி மார்க் 3-இன் சிஎஃப் (காம்பேக்ட்ஃப்ளாஷ்) ஸ்லாட் 1000எக்ஸ் வேகக் கார்டோடு இதைத் தாங்கும். 550டி, 600டி போன்றவற்றின் எஸ்டி ஸ்லாட் நொடிக்கு 20 எம்பி அளவிலேயே நின்றுவிடும். எவ்வளவு வேகமான கார்டு வாங்கினாலும் பயனில்லை, தடை கேமராவின் இணைப்பில் இருக்கிறது. 10 பிட்டுக்கு இறக்கினாலும் 62 எம்பி வேண்டும். சில கேமராக்களில் எஸ்டி ஸ்லாட்டை ஓவர்கிளாக் செய்யும், அதாவது வரம்பை மீறி வேகமாக ஓட்டும், மாட்யூலும் உண்டு. கோப்பு சிதையும் வாய்ப்பு இருப்பதால் காசு வாங்கி எடுக்கும் வேலையில் அதைத் தொடக்கூடாது என்பதே என் கருத்து.

ஷட்டர் தேய்மானத்தைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. குறித்த இடைவெளியில் தானே படமெடுக்கும் இன்டர்வலோமீட்டரை 10 நொடிக்கு ஒன்று என வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டினால் 8,640 கிளிக். 60டி-க்கு கேனான் சொல்லும் ஆயுள் 1,00,000; பன்னிரண்டு நாளில் அதைத் தாண்டிவிடலாம். லைவ் வியூவில் ஷட்டரை அசைக்காமல் எடுக்கும் சைலன்ட் பிக்சர் இதற்கு மாற்று, ஆனால் சென்சார் சூடேறும்.

கேமராவை விற்கும் முன்போ சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்போ கார்டை மட்டும் ஃபார்மேட் செய்து அனுப்பாதீர்கள். பூட் ஃப்ளாக் உள்ளேயே இருக்கும். மேஜிக் லேண்டர்ன் கார்டோடு ஃபர்ம்வேர் அப்டேட்டை மறுபடி ஓட்டி, திரையில் வரும் வழிகாட்டுதல்படி ஃப்ளாக்கை நீக்குங்கள். அதன் பிறகும் அந்த பூட் கார்டைப் போட்டுப் பாருங்கள்: கேமரா வெறும் கேனானாகத் திறந்தால் நீங்கியது உறுதி.