மழையில் நின்ற மாஸ்டா: இரண்டு சீட் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

லண்டன் பக்கம் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 3,950 பவுண்ட் கொடுத்து ஏமாந்து, பதினோரு வாரம் அலைந்து அதைத் திரும்ப வாங்கினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய கார் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடுவது, கடைக்குப் போவது எல்லாம் அதில் நடக்கும். ஹாரோவிலிருந்து ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டுக்குத் தினமும் வேலைக்குப் போக எனக்கு ஒரு வண்டி வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு சில்டர்ன்ஸ் குன்றுப் பக்கம் ஓட்டவும் ஆசையாக இருக்க வேண்டும். பல வருட ஆசை இது. என் மனைவியும், "வாங்குங்க, எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கிட்டே இருப்பீங்க" என்று சொல்லிவிட்டாள்.

முதல் கத்திரி யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் கட்டணம் வாங்கும் திட்டம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) அது வந்துவிட்டது. விதிக்கு உட்படாத வண்டியை எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண்ட். பெட்ரோல் வண்டி என்றால் யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும். பொதுவாக 2006 முதல் வந்தவை தாண்டிவிடும், அதற்கு முந்தையவற்றில் சிலதான் தாண்டும். தினமும் எடுக்கிற வண்டி என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

அப்புறம் வண்டிகளை ஒவ்வொன்றாக அலசினேன். டொயோட்டா எம்ஆர்2வின் மூன்றாம் தலைமுறை ஓட்டுவதற்கு அருமையான வண்டி. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, எடை குறைவு. ஆனால் டிக்கி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. லேப்டாப் பையும் சாப்பாட்டுப் பையும் சீட்டுக்குப் பின்னால் போய்விடும், வாரச் சாமான் வாங்க முடியாது. தொடக்க வருட வண்டிகளில் புகைக்குழாயின் முன் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) நொறுங்கி அந்தத் தூள் எஞ்சினுக்குள்ளேயே போய்விடும் என்ற பயமும் உண்டு. போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு டிக்கி. தினசரி உபயோகத்துக்கு அதுதான் வசதி. ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் பேரிங் உடைந்தால் வண்டி விலையைவிட எஞ்சின் செலவு அதிகமாகும். பிஎம்டபிள்யூ இசட்4 என்றால், கூரையை இயக்கும் மோட்டார் பின்பக்கம் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் அடைத்தால் மோட்டார் நீரில் மூழ்கிச் செத்துப்போகும். அதனால் இசட்4 வேண்டாம் என்று ஒதுக்கினேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியை பிஎம்டபிள்யூவிடம் கேட்ட நான், அடுத்த வண்டியிடம் கேட்கவே இல்லை.

அடுத்த வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்தது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. உலகத்தில் வேறெந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரும் இவ்வளவு விற்றதில்லை. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். நான் தேடியது 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 2.0 லிட்டர் மாடல். 160 குதிரைத்திறன், ஆறு கியர், 150 லிட்டர் டிக்கி. நடுவில் ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். சிக்னலில் நிற்கும்போதே மடித்துவிடலாம். கியர் மாற்றும்போது மணிக்கட்டை அசைத்தாலே போதும். இந்த விலையில் இவ்வளவு சந்தோஷம் தருகிற வேறு வண்டி இல்லை என்று இப்போதும் சொல்வேன். வண்டி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை எசெக்ஸ் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இருந்த டீலரிடம் போனேன். கருஞ்சிவப்பு, 2007 வண்டி, கறுப்புத் துணிக்கூரை. மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டி முழுக்க நனைந்து பளபளவென்று நின்றது. நனைந்த வண்டியில் பெயிண்ட் வேறுபாடும் தெரியாது, கீறலும் தெரியாது. ஏற்கெனவே எஞ்சினைச் சூடு பண்ணி வைத்திருந்தார். நான் எண்ணெய் அளவு பார்த்தேன், கிளட்ச் பார்த்தேன், புகைக்குழாயில் நீலப் புகை வருகிறதா என்று பார்த்தேன். இருபது நிமிடம் ஓட்டியும் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. குனிந்து கதவுக்குக் கீழே பார்த்தபோது புதுக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தது. "துரு வராமல் இருக்க நாங்களே அடித்துவிட்டோம், போன வாரம்தான் எம்ஓடி முடித்தோம், ஒரு குறிப்புகூட இல்லை" என்றார். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் கட்டாயச் சோதனைதான் எம்ஓடி. அதன் தாளைக் காட்டினார். உண்மையான தாள்தான்.

300 பவுண்ட் அட்வான்ஸ் கிரெடிட் கார்டில் கட்டினேன். மீதி 3,650 பேங்க் டிரான்ஸ்ஃபர். ரசீதில் "வியாபாரிகளுக்கிடையே விற்பனை, பார்த்தபடி விற்றது, வாரண்டி கிடையாது" என்று ஒரு வரி அச்சடித்திருந்தார்கள். "இது எல்லா ரசீதிலும் இருக்கிறதுதான் சார்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. வேலை முடிந்து வரும்போது ஒரு ரவுண்டானாவில் திரும்பினால், என் தொடைக்குக் கீழே எங்கேயோ "தளக்" என்று ஒரு சத்தம். அடுத்த ரவுண்டானாவில் மறுபக்கம் தளக். இடுப்பில் குறைகுடத்தோடு நடந்தால் கேட்குமே, அதே சத்தம். வீட்டுக்கு வந்து சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தொட்டேன், பிழிந்தால் சொட்டும்.

பத்தொன்பதாம் நாள், இந்த வண்டிகளையே வருடக்கணக்காகப் பார்த்துவரும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அறுபது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். லிஃப்டில் ஏற்றினார். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். சில் என்பார்கள் அதை. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை உள்ளே கூடாக ஓடும் பெட்டி. கூரை இல்லாத வண்டிக்கு முதுகெலும்பே அதுதான். முன்பக்கம் டங், டங் என்றது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் போனதும் பொத் என்றது. முற்றாத தேங்காயைத் தட்டினால் வருமே, அப்படி. கருவியைத் திருப்பிப் பிடித்து லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது. கறுப்புப் பூச்சு கல்லிலிருந்து அடை உரிவதுபோல் உரிந்து வந்தது. அதற்கடியில் ஃபைபர் துணி. அதற்கும் அடியில், வீட்டில் ஜன்னல் ஓர இடைவெளியை அடைக்கப் பயன்படுத்துவார்களே, அந்த மஞ்சள் நுரை. தகடு இருந்த இடத்தில் நுரை. அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார், குளத்துச் சேற்று நாற்றத்தோடு பழுப்புத் தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்தது.

ஒன்றும் சொல்லாமல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் போனார். அங்கேயும் அதே.

காரணத்தை அப்புறம் விளக்கினார். கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே போக வேண்டும். வருடக்கணக்கில் இலையும் தூசியும் சேர்ந்து துளை அடைத்துவிட்டால், தண்ணீர் வழி தவறிச் சில்லுக்குள்ளும் கம்பளத்துக்கும் போகிறது. வெளியே போக வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியில் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். சரியாக வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 1,900 பவுண்ட் சொன்னார். "பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதினால், இந்த நுரை உங்களைக் காப்பாற்றாது" என்றார். தினமும் காலையில் லாரிகளுக்கு நடுவே அதில்தான் போய்க்கொண்டிருந்தேன். என் மகளைக்கூட ஒருநாள் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் 2005 முதலான எம்ஓடி வரலாறு இலவசமாக வரும். நான் அதை அன்றிரவுதான் பார்த்தேன். முன்பே பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. முந்தைய வருடம் அந்த வண்டி இரண்டு பக்கச் சில்லிலும் அரிப்பு என்று தோல்வி அடைந்திருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அதே இடத்தைக் குறிப்பிட்டு எச்சரிக்கை. கடைசியில், விற்பதற்கு ஆறு நாள் முன்னால், வேறு ஊர் நிலையத்தில் சுத்தமான தேர்ச்சி. சோதிப்பவர் பூச்சைப் பலமாகச் சுரண்டவோ மூடியைக் கழற்றவோ கூடாது என்பது விதி. அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் அந்தக் கறுப்புப் பூச்சு.

டீலருக்குப் போன் செய்தேன். "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்றார். இரண்டாம் முறை எடுக்கவில்லை.

இங்கேதான் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ரசீதில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. உங்களை வியாபாரி என்று எழுதிவிட்டால் நீங்கள் வியாபாரி ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் சொன்னது பொய் என்றால் மட்டுமே கேட்க முடியும். நாளை எண்ணிக்கொண்டே இருங்கள். நான் 23ஆம் நாள், வண்டியை நிராகரிக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தைத் திருப்புங்கள் என்று மெக்கானிக்கின் அறிக்கையும் படங்களும் வைத்துப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்பினேன். அன்றோடு வண்டி ஓட்டுவதையும் நிறுத்தினேன். நிராகரித்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால் அதையே நமக்கெதிராகக் காட்டுவார்கள்.

பதில் வரவில்லை. என்னைக் காப்பாற்றியது அந்த 300 பவுண்ட்தான். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்து, அதில் ஒரு சிறு பகுதியைக் கிரெடிட் கார்டில் நேரடியாக விற்றவருக்குக் கட்டியிருந்தாலே போதும், முழு விலைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு கிடையாது. நான் இதைத் தெரிந்து செய்யவில்லை, கையில் அந்தக் கார்டு இருந்தது, கொடுத்தேன். கார்டு நிறுவனம் ஒவ்வொரு தாளாகக் கேட்டது: விளம்பரத்தின் படம், ரசீது, எம்ஓடி வரலாறு, மெக்கானிக் அறிக்கை. விளம்பரத்தை முதல் நாளே படமெடுத்து வைத்திருந்ததால் "துரு இல்லை" என்ற அவருடைய வார்த்தை என்னிடம் இருந்தது. பதினோராவது வாரம் 3,950 முழுவதும் திரும்பி வந்தது. இன்ஷூரன்ஸை ரத்து செய்த கட்டணமும், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போன பணமும் போனதுதான். மறுவாரம் டீலர் ஆள் அனுப்பி, இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தப் பதிவை அப்போதே எழுதியிருக்க வேண்டும். பணம் வந்துவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் மறுபடி வண்டி தேட உட்கார்ந்தபோது அதே கருஞ்சிவப்பு மாஸ்டா விளம்பரத்தில் நிற்கிறது. விற்பவர் பெயர் வேறு, விலை 4,150. நனைந்த தரையில் நனைந்த வண்டியாகவே படம் எடுத்திருக்கிறார்கள். எண்ணைப் போட்டுப் பார்த்தேன், போன மாதம் புதிதாக ஒரு எம்ஓடி, ஒரு குறிப்பும் இல்லை. அதை டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு (வியாபார மோசடியை விசாரிக்கும் உள்ளாட்சிப் பிரிவு) போய்ச் சேரும்படி, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்குள் யாராவது பார்க்கப் போனால், ஓட்டுநர் பக்கம், பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்.