பாக்கெட் மரச்சாம்பல்: எந்த மண்ணுக்கு வாங்கலாம்?

தோட்டக் கடைகளில் பாக்கெட் போட்டு விற்கும் மரச்சாம்பல் நல்ல சரக்குதான். ஆனால் உறைமேல் 'எல்லாச் செடிகளுக்கும் ஏற்ற முழு உரம்' என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். இதில் அதிகம் இருப்பது சுண்ணாம்புச் சத்து. சாம்பல் சத்து (பொட்டாசியம்) சுமார் 3 முதல் 7 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1 அல்லது 2 சதவீதம். தழைச்சத்து (நைட்ரஜன்) விறகு எரியும்போதே புகையோடு போய்விடும். அதனால் தழைச்சத்து இல்லாமல் வெளுத்து நிற்கும் செடிக்கு இதைப் போட்டுப் பயனில்லை.

வாங்கும்போது எந்த மரத்தை எரித்தது என்று உறையில் பாருங்கள். வைரம் பாய்ந்த கட்டை என்றால் சாம்பல் சத்து கூடுதலாக இருக்கும். பிரித்ததும் ஒரு பிடியைத் தாளில் பரப்புங்கள். நல்ல சாம்பல் மாவாக, வெளிர் சாம்பல் நிறத்தில், உலர்ந்து இருக்கும். கரித்துண்டு கிடந்தால் கெடுதல் இல்லை. ஆணியோ பெயிண்ட் செதிலோ தென்பட்டால் அது பழைய கட்டட மரம், கன உலோகங்கள் கலந்திருக்கும். காய்கறிப் பாத்திக்கு அது கூடவே கூடாது.

முக்கியமான விஷயம் மண். அதன் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே இருந்தால் தாராளமாகப் போடலாம். 7-ஐத் தாண்டிய மண்ணில் போட்டால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து இன்னும் உரம் போதவில்லை என்று மேலும் சாம்பல் தூவுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 70 கிராம் போதும். 10 லிட்டர் தொட்டிக்குத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன். காற்றில்லாத நேரத்தில், கையுறையும் முகக்கவசமும் போட்டுத் தூவி, மேல்மண்ணோடு கிளறித் தண்ணீர் விடுங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் வேர் கருகும். விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் கலக்கவே கூடாது. கலந்தால் மூக்கை எரிக்கும் அமோனியா வாடையாகத் தழைச்சத்து காற்றில் போய்விடும்.

தக்காளிக்கும் பூண்டுக்கும் கொடுக்கலாம். புளிப்பு மண்ணை விரும்பும் அசேலியா, புளூபெரி செடிகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உருளைக்கிழங்குக்கும் வேண்டாம், கிழங்கில் சொறி கூடும். நத்தையைத் தடுக்கும் என்பது சாம்பல் நனையாத வரைக்கும்தான்.

வீட்டில் பெயிண்ட் படாத விறகு எரிகிறதென்றால் இந்தப் பாக்கெட்டே தேவையில்லை. அந்தச் சாம்பலை நன்றாக ஆறவிட்டு, சலித்து, மூடி போட்ட தகர டப்பாவில் மழை படாமல் வையுங்கள். நனைந்தால் சாம்பல் சத்து கரைந்து ஓடிவிடும்.