எக்ஸ்ட்ரா லைட்டுக்கும் ஹார்னுக்கும் எந்த ரிலே? போலேரோவில் பல வருட அனுபவம்

என் போலேரோவில் முன்பக்கம் ஒரு ஜோடி ஹெல்லா காமெட் 500 லைட், கிரில்லுக்குப் பின்னால் ஒரு ஜோடி ரூட்ஸ் விண்ட்டோன் ஹார்ன். வண்டி பெரும்பாலும் ஓடுவது பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் நடுவில். ஆழியாறு தாண்டி ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு, கவர்க்கல் பக்கம் பகலிலேயே பனிமூட்டம், மழைக்காலத்தில் நாள் கணக்கில் விடாத தூறல். இந்தச் சாலையில் லைட்டும் ஹார்னும் அழகுக்கு மாட்டுகிற சாமான் இல்லை. லைட் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, அவற்றுக்குப் போகும் மின்சாரத்தை ஸ்விட்சுக்குப் பதிலாகப் போட்டு அணைக்கிற ரிலேயை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். பல வருடம் ஓட்டிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, லைட் நின்று எரிவதும் ஹார்ன் கரகரக்காமல் அடிப்பதும் பாதிக்கு மேல் இந்தச் சின்ன டப்பாவின் கையில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. 55 வாட் ஹாலஜன் பல்ப் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9.2 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ் ஏறுவதால் 10ஐத் தாண்டும். விண்ட்டோன் ஹார்ன் ஒன்று சுமார் 5 ஆம்பியர் இழுக்கும், ஜோடிக்கு 10. இதை ஸ்டியரிங் பட்டன் வழியாகவோ டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவோ நேராக விட்டால் அந்த ஸ்விட்ச் சீக்கிரம் தீய்ந்துவிடும். ரிலே போட்டால் ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேக்குள் இருக்கும் காந்தச் சுருளான காயிலுக்கான மின்சாரம் மட்டும். 12 வோல்ட் ரிலேயின் காயில் 85, 90 ஓம் இருக்கும், அதாவது 0.14 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். எந்த ரிலே என்று கேட்டால் மட்டும் எல்லோரும் மேலே அச்சடித்த நம்பரைப் பார்க்கிறார்கள். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணாவும் அப்படித்தான். "40 ஆம்ப்ஸ்னு போட்டிருக்குதுங்க சார், 10 ஆம்ப்ஸுக்கு இது போதாதுங்களா?" என்றார். "அண்ணா, அந்த 40 எந்த லோடுக்குன்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அந்த 40 பொதுவாக ரெசிஸ்டிவ் லோடுக்கான, அதாவது ஒரே சீராக மின்சாரம் இழுக்கிற லோடுக்கான கணக்கு, அதுவும் சாதாரண அறை வெப்பத்தில். பல்பும் ஹார்னும் அந்த வகையில் சேராது. ஹாலஜன் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. ஸ்விட்ச் போட்ட முதல் சில மில்லி செகண்டுக்கு எட்டு பத்து மடங்கு மின்சாரம் பாயும். சரியாக அதே நேரத்தில்தான் ரிலேயின் பாயிண்ட், அதாவது சேர்ந்து பிரிகிற உலோக முனைகள், ஒன்றோடொன்று மோதித் துள்ளிக்கொண்டிருக்கும். தரமில்லாத பாயிண்டாக இருந்தால் அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும், ஸ்விட்சை அணைத்தாலும் லைட் அணையாது. நல்ல கம்பெனிகளின் டேட்டாஷீட்டில் பல்ப் லோடுக்கு என்று தனி ரேட்டிங் கொடுத்திருப்பார்கள். பார்க்க வேண்டியது அதை.

ஹார்ன் இதற்கு நேர்மாறு. அதற்குள் இருப்பது காயில். ஹார்னின் சொந்தப் பாயிண்டே விநாடிக்கு 400, 500 தடவை சேர்ந்து பிரிந்துதான் சத்தம் வருகிறது. நாம் பட்டனை விடும்போது ரிலேயின் பாயிண்ட் பிரியும், காயிலில் தேங்கிய சக்தி அந்த இடைவெளியில் பொறியாகப் பாயும். ஆக, லைட் ரிலே அடிபடுவது போடும்போது, ஹார்ன் ரிலே அடிபடுவது விடும்போது. மலைப்பாதையில் லைட்டை ஒரு தடவை போட்டால் எதிரே வண்டி வரும்வரை எரியும். ஹார்ன் ஒவ்வொரு வளைவிலும் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று அடி. எது அதிகம் தேயும் என்று சொல்லவே வேண்டாம்.

சில வருட ஓட்டத்துக்குப் பிறகு, இரண்டு ரிலேக்களையும் கழற்றி மூடியை நெம்பித் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லைட் ரிலேயின் பாயிண்ட் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஹார்ன் ரிலேயில் ஒரு பாயிண்டில் ஊசி முனை அளவுக்குக் குழி, எதிரே இருந்த பாயிண்டில் அந்தக் குழிக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு மேடு, சுற்றிலும் கறுப்புப் பொடி. டிசி மின்சாரம் எப்போதும் ஒரே திசையில் பாய்வதால் ஒவ்வொரு பொறியிலும் உலோகம் ஒரு பக்கத்திலிருந்து பெயர்ந்து மறுபக்கத்தில் படியும். இந்த மேடும் குழியும் ஒரு நாள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டால் ஹார்ன் நிற்காமல் அலறும். அன்றிலிருந்து ஹார்ன் ரிலேயை நான் நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுகிறேன். லைட் ரிலேயை அப்படி மாற்றத் தேவைப்படவில்லை.

ஹார்னுக்கு ரிலே எடுக்கும்போது இன்னொன்றும் பார்க்கிறேன். ரிலேயின் காயில் அணையும்போது எதிர்த்திசையில் சில நூறு வோல்ட்வரை ஒரு உதை எழும். அதை அடக்க உள்ளே ஒரு ரெசிஸ்டரோ, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடோ வைத்திருப்பார்கள். மூடியில் இருக்கும் குட்டிப் படத்தில் நீள்சதுரம் ஒன்று போட்டிருந்தால் காயில், அதற்கு இணையாக இன்னொரு நீள்சதுரம் இருந்தால் ரெசிஸ்டர், அம்பும் கோடும் இருந்தால் டையோடு. டையோடு உதையை முழுசாக அடக்கிவிடும். ஆனால் காயிலின் பிடி மெதுவாகத்தான் விடும், பாயிண்டும் மெதுவாகப் பிரியும். பொறி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அடிக்கடி அடிக்கிற ஹார்னுக்கு இது ஆகாது, அங்கே ரெசிஸ்டர் வைத்ததுதான் என் தேர்வு. டையோடு ரிலேயில் இன்னொரு தொல்லையும் உண்டு. காயிலின் இரண்டு கால்களில் 86 எண் காலில் பிளஸ், 85இல் எர்த் என்று சரியாகக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டையோடு வழியாக நேர் ஷார்ட். ரெசிஸ்டர் ரிலேக்கு எப்படிக் கொடுத்தாலும் சரி.

ரிலேயின் கால் நம்பர்கள் இந்த வகை ரிலேக்களில் பெரும்பாலும் ஒன்றே, ஜெர்மனியின் டின் 72552 தரத்திலிருந்து வந்தவை. 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 லோடுக்குப் போவது, 85ம் 86ம் காயில். ஐந்து கால் ரிலேயில்தான் சிக்கல். நடுவில் இருக்கும் ஐந்தாவது கால் சிலவற்றில் 87ஏ, சிலவற்றில் இன்னொரு 87. பார்க்க அச்சாக ஒன்றுபோல இருக்கும். இரண்டும் 87 என்றால் ரிலே இழுக்கும்போது, அதாவது காயிலுக்கு மின்சாரம் வந்து பாயிண்ட் சேரும்போது, இரண்டு காலிலும் மின்சாரம் வரும், ஆளுக்கு ஒரு லைட் மாட்டலாம். 87ஏ என்றால் ரிலே சும்மா இருக்கும்போதே அதில் மின்சாரம் இருக்கும். முதல் வகைக்கு ஒட்டின வயரிங்கில் இரண்டாம் வகை ரிலேயைச் செருகினால், வண்டியை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகும் ஒரு லைட் எரிந்துகொண்டிருக்கும், இழுத்ததும் அது அணைந்து மற்றது எரியும். நண்பர் ஒருவர் வண்டியில் ரெடிமேட் வயரிங் கிட்டோடு வந்த ரிலேயை மாற்றியபோது இதேதான் நடந்தது. லைட், ஹார்ன் இரண்டுக்குமே நாலு கால் ரிலே போதும். கடையில் ஐந்து கால்தான் இருக்கிறது என்றால் 87ஏ காலுக்கான சாக்கெட் ஓட்டையைக் காலியாக விட்டு, அதற்குள் எதுவும் தொடாதபடி மூடி வையுங்கள்.

சரி, இப்போது சாக்கெட். என் பார்வையில் ரிலேயை விட முக்கியம் இதுதான். நல்ல ரிலே தானாகக் கெட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. சாக்கெட் உருகி, அந்தச் சூட்டில் ரிலே வெந்ததைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். 6.3 மில்லிமீட்டர் அகலக் காலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய பெண் டெர்மினல் தளர்வாக இருந்தால், தொடுகிற இடத்தில் மட்டும் சூடு ஏறும். சூடு ஏற ஏற ஸ்ப்ரிங் பிடி இன்னும் தளரும். கிட்டோடு வந்த சாக்கெட்டை அரைமணி நேரம் லைட் எரிந்தபின் 30, 87 கால்கள் பக்கம் தொட்டுப் பாருங்கள். இதமான சூடு பரவாயில்லை, விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் கழற்றிவிடுங்கள். நான் சாக்கெட்டைத் தனியாக, டெர்மினல் தனித்தனியாக வரும் வகையில் வாங்கி, சரியான கிரிம்ப் டூலில் அழுத்திக்கொள்கிறேன். ரிலேயைச் செருகும்போது கட்டைவிரலால் பலம் கொடுத்து அழுத்த வேண்டும். சும்மா நழுவி உள்ளே போகிற சாக்கெட் எனக்கு வேண்டாம்.

வயரிலும் இதே கறார். பேட்டரியிலிருந்து லைட்டுக்குப் போக 2 மீட்டர், எர்த் திரும்ப 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 10 ஆம்பியர் போனால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 ஸ்கொயரில் 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. 0.7 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக இறங்கும், ஆறில் ஒரு பங்கு வெளிச்சம் அப்படியே காணாமல் போகும். மலிவான கிட்களில் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் வருகிறது, அதில் நிலைமை இன்னும் மோசம். வயர் முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சந்தேகம் இருந்தால் தீக்குச்சியில் காட்டிப் பார்க்கலாம். மெல்லிய அலுமினிய இழை சட்டென்று உருகித் தொங்கிவிடும், செம்பு சிவந்து நிற்கும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், லைட்டுக்கு 15 ஆம்பியர், ஹார்னுக்கு 15 ஆம்பியர், தனித்தனியாக.

ரிலே உட்காரும் இடமும் பார்க்க வேண்டும். செம்புக் காயில் சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் முப்பது சதவீதத்துக்கு மேல். 7 வோல்ட்டில் இழுத்த ரிலே அப்போது 9 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். டர்போ பக்கத்தில் மாட்டிய ரிலே, ஸ்விட்சிலிருந்து காயிலுக்கு வரும் ட்ரிகர் வயரில் தளர்ந்த இணைப்பு, இரண்டும் சேர்ந்தால் மலை ஏறும்போது மட்டும் ரிலே கடகடவென்று அடிக்கும், கீழே மெக்கானிக்கிடம் கொண்டு வந்தால் எதுவும் தெரியாது. நான் மாட்டியிருப்பது பேட்டரிப் பக்க ஃபெண்டர் உள்சுவரில், கால்கள் கீழே பார்த்தபடி, வயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு போட்டு மேலே ஏறும்படி. வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். டெர்மினலில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். வால்பாறை மழைக்கு இதுவரை தாங்கியிருக்கிறது.

ட்ரிகர் எடுக்கும் இடத்தை ஒவ்வொரு வண்டியிலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல வண்டிகளில் ஹார்ன் பட்டன் பிளஸ் கொடுப்பதில்லை, எர்த்தைத்தான் கொடுக்கிறது. அப்போது 86க்கு ஃபியூஸ் வழியாக பிளஸ், 85 பட்டன் பக்கம். எக்ஸ்ட்ரா லைட்டுக்கு பிரைட் வயரிலிருந்து ட்ரிகர் எடுத்து, நடுவில் ஒரு ஸ்விட்ச். டிம் அடித்ததும் இதுவும் அணைய வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணும் கண்தானே. புதிய மாடல்கள் சிலவற்றில் ஹெட்லைட் வயரில் மின்சாரம் துடிப்பு துடிப்பாக வரும். அதில் ட்ரிகர் எடுத்தால் ரிலே நடுங்கிச் சாகும். அங்கே அந்த வண்டிக்கென்று வருகிற ஹார்னஸ்தான் வழி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 119 பல ஸ்வரத்தில் மாறி மாறி ஒலிக்கிற ஹார்னுக்கு அனுமதி தருவதில்லை. விதி 111 முன்பக்கம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ மாட்டத் தடை போடுகிறது, விதிவிலக்குக்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும். மாட்டும் முன் உங்கள் வண்டிக்கு எது செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடத்தில் நான் ஹார்னைத் தொடுவதே இல்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. லாரி ஸ்பேர்ஸ் கடையில் எடுத்தால் 12 வோல்ட்தானா என்று படித்துப் பாருங்கள், 24 வோல்ட் ரிலேயும் அதே உருவம்தான், நம் வண்டியில் இழுக்காது. அடுத்தது போலிகள். பெயர்பெற்ற கம்பெனி பெயரை அச்சடித்து ரொம்ப லேசான ரிலேக்கள் வருகின்றன. கையில் எடைபோட்டுப் பாருங்கள், அச்சு நகத்தில் உரிகிறதா பாருங்கள். நான் பாஷ் அல்லது ஹெல்லாவை பில்லோடு டீலரிடம்தான் எடுக்கிறேன், விலை வித்தியாசம் ஒரு வேளை சாப்பாட்டுக் காசுகூட வராது. க்ளவ் பாக்ஸில் அதே நாலு கால் ரிலே ஒன்றும் 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டும் எப்போதும் இருக்கும். லைட், ஹார்ன் இரண்டுக்கும் ஒரே வகை ரிலே என்பதால், அட்டகட்டியில் ஹார்ன் ரிலே போனாலும் அந்த ஒன்றை மாட்டிக்கொண்டு வளைவுகளை இறங்கிவிடலாம்.