பச்சைப் பொத்தானா, நீல டிக்கா?

வீட்டிலிருந்தபடி நேரடி விற்பனை (கடை வைக்காமல், நாமே ஆட்களிடம் பேசிப் பொருள் விற்பது) தொடங்கிய முதல் நான்கு மாதங்களில் எங்கள் வீட்டு அலமாரிகள் பளபளவென்று இருந்தன. யாரையாவது போனில் அழைக்க வேண்டிய நேரம் வந்தால் போதும், துடைக்கத் துணியை எடுத்துவிடுவேன். நோட்டில் பெயர் இருக்கும், எதிரே எண் இருக்கும், கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே போய் நிற்கும். உடனே ஒரு சாக்கு வந்துவிடும்: இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்களோ, குழந்தை தூங்குகிறதோ. எப்படியோ அழுத்திவிட்டாலும், மணி அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்தால் தேவலை என்று மனம் வேண்டிக்கொள்ளும். விற்பதற்காக அழைத்துவிட்டு, வாங்குகிறவர் எடுக்கக் கூடாதே என்று வேண்டுகிற வியாபாரி உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். பிறகு பேசிப் பார்த்ததில், இந்தத் தொழிலில் பாதிப் பேர் என் கட்சி.

பயத்தைச் சமாளிக்க நான்கு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்: சொல்லாமல் கொள்ளாமல் நேரே அழைப்பது, வாட்ஸ்அப் செய்தியோடு நிறுத்திக்கொள்வது, குரல் பதிவு அனுப்புவது, செய்தியில் நேரம் கேட்டு அந்த நேரத்தில் பேசுவது. கடைசி வழியில்தான் இரண்டு வருடங்களாக இருக்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று யாரும் எண்ண வேண்டாம்.

நேரே அழைப்பதுதான் தொழிலில் சேர்ந்த அன்றே கிடைக்கும் அறிவுரை. என்னைச் சேர்த்துவிட்ட அக்கா, "பட்டியல் போடு, ஒரு நாளைக்கு இருபது பேரைக் கூப்பிடு, பயம் தானாகப் போய்விடும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அழைப்பைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் மனம் லேசாகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் தள்ளிப்போடக் கற்றுக்கொடுக்கிறது. விலகி ஓட ஓடப் பயம் வளரும் என்பது உளவியலில் பழைய பாடம். கோளாறு மீதிப் பாதியில் இருக்கிறது. பயந்ததை எதிர்கொள்ளப் பழக்கும் முறையை 1958ல் விரிவாக எழுதிய மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி, பயங்களை எளியதிலிருந்து கடினமானது வரை ஏணிபோல அடுக்கச் சொன்னார். கீழ்ப்படியில் மனத்தின் இறுக்கம் தளர்ந்து நின்ற பிறகே அடுத்த படி. இருபது பேர் பட்டியலில் ஏணி எங்கே இருக்கிறது? முதல் பெயர் பள்ளித் தோழி, இரண்டாவது பெயர் என்றோ ஒரு ரயில் பயணத்தில் எண் கொடுத்த பெண்மணி. நான் இரண்டு நாள் அழைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து ஒன்பது நாள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன்.

பயம் இல்லாதவர்களுக்கு இந்த வழி வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் அறிமுகமில்லாதவர்களை வியாபாரத்துக்காக அழைப்பதற்குப் பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாடு உண்டு, 'அழைக்க வேண்டாம்' என்று பதிவு செய்துகொள்ளும் பட்டியலும் உண்டு. இருபது பேர் இலக்கு வைப்பவர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அந்த ஒன்பது நாளுக்குப் பிறகுதான் வாட்ஸ்அப்புக்குத் தாவினேன். தாவியவுடன் கிடைத்த ஆறுதலைச் சொல்லி முடியாது. எழுதலாம், அழிக்கலாம், திருத்தலாம், படம் இணைக்கலாம். குரல் நடுங்குவது யாருக்கும் தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போய்ச் சேரும்படி அனுப்பும் வசதியும் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்று படித்ததும் 256 வாடிக்கையாளர்கள் கிடைத்துவிட்டதைப் போலக் குதித்தேன். நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. ரயில் பெண்மணி என் எண்ணை எதற்குச் சேமிக்கப்போகிறார்?

இந்த இரண்டாவது வழியை நான் கைவிட்டதற்குக் காரணம் விற்பனை குறைந்தது அல்ல. சொல்லப்போனால் முதல் மாதம் விற்பனை கொஞ்சம் கூடியது. காரணம் வேறு. அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

செய்திக்கு முடிவு கிடையாது. போனில் ஒருவர் 'வேண்டாம்மா' என்றால் அது முடிந்துவிட்டது. நோட்டில் பெயருக்கு நேரே ஒரு கோடு, அவ்வளவுதான். செய்தியில் யாரும் 'வேண்டாம்' என்று எழுதுவதில்லை. பதில் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். 2014ல் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்ததிலிருந்து, படித்தார்களா என்பது தெரிகிறது, ஏன் எழுதவில்லை என்பது தெரிவதில்லை. அவர் வேலையாக இருக்கலாம், மறந்திருக்கலாம், கணவரிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம், என்மேல் எரிச்சலாகவும் இருக்கலாம். பயந்த மனம் இந்த நான்கில் எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினேன். 23 பெயர்களுக்கு நேரே 'பதில் இல்லை' என்று எழுதியிருந்தேன். அந்த 23 பேரும் மறுத்தவர்கள் அல்லர், வாங்கியவர்களும் அல்லர். ஒவ்வொருவரும் மனத்துக்குள் மூடப்படாத ஒரு கணக்கு. பாத்திரம் கழுவும்போது ஒருவர் நினைவுக்கு வருவார், மறுபடி எழுதலாமா, எழுதினால் நச்சரிப்பாகுமா என்று. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் போனை எடுத்து, டிக் நீலமாகிவிட்டதா என்று பார்ப்பேன். அழைப்பு பயமுறுத்தியது ஆறு நிமிடம். செய்தி பயமுறுத்தியது நாள் முழுவதும், தவணை முறையில். எந்த வழியில் தொடங்குவது சுலபம் என்றுதான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். தொடங்கிய பிறகு அதைச் சுமப்பதற்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போட்டபோதுதான் எனக்குத் தராசு சாய்ந்தது.

இதே தொழிலில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது: மறு ஆர்டர். வீட்டிலிருந்து விற்கிறவர் பிழைப்பது புது வாடிக்கையாளரால் அல்ல, வாங்கியவரே திரும்ப வாங்குவதால். என்னிடம் முகத்துக்கான கிரீம் வாங்கிய ஒருவருக்கு இரண்டு வாரம் கழித்து, 'எப்படி இருக்கிறது?' என்று செய்தி அனுப்பினேன். 'பரவாயில்லை' என்று பதில், கூடவே கட்டைவிரல் படம். நிம்மதியாக நோட்டில் டிக் போட்டேன். மறுவாரம் வேறு ஒரு விஷயத்துக்கு அவரிடம் போனில் பேச வேண்டியிருந்தது. பேச்சோடு பேச்சாக அதே கேள்வியைக் கேட்டேன். ஒரு சின்ன இடைவெளி. பிறகு, "ம்... பரவாயில்லை" என்றார். அதே சொல்தான். ஆனால் அந்த இடைவெளி, தலையில் தட்டிச் சொன்னதுபோல எனக்குக் கேட்டது. "என்ன ஆயிற்று, சொல்லுங்கள்" என்றேன். கன்னத்தில் அரிப்பு, சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் தொடர்ந்து பூசிக்கொண்டிருந்திருக்கிறார். உடனே நிறுத்தச் சொன்னேன், தோல் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன், பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இன்றும் என்னிடம் வேறு பொருள்களை வாங்குகிறார்.

அந்த இடைவெளியைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். டானியா ஸ்டிவர்ஸ் என்ற மொழியியலாளரும் அவருடைய குழுவினரும் 10 மொழிகளின் பேச்சை ஒப்பிட்டு 2009ல் வெளியிட்ட ஆய்வு அது. கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறதாம். உடன்படும் பதில் விரைவாக வருகிறது, மறுக்கும் பதில் சற்றுத் தாமதிக்கிறது. போனில் மௌனம் விழுந்தால் என் வயிறு கலங்குவதும் அதனால்தான் போலும். இத்தனை வேகமாக ஆள் மாறி ஆள் பேசிப் பழகியவர்களுக்கு இரண்டு நொடி என்பது ஒரு யுகம். முன்பு அந்த யுகத்தை நானே உளறி நிரப்பிவிடுவேன், தள்ளுபடிகூடச் சொல்லிவிடுவேன். இப்போது காத்திருக்கிறேன். என்னைப் பயமுறுத்திய அந்த மௌனம் வாடிக்கையாளரைப் பற்றிய தகவலும்கூட. செய்தியில் அந்தத் தகவல் வரவே வராது.

குரல் பதிவு பற்றி அதிகம் சொல்ல இல்லை. பேசுவதும் வேண்டும், பேசிக்கொள்ளவும் கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு ஏற்ற நடுவழி. நான் ஒரே பதிவை ஆறு முறை அழித்து எடுத்திருக்கிறேன். கேட்கிறவருக்கோ அதைக் காதில் வைத்துக் கேட்க ஒரு தனி இடம் வேண்டும். பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்க மட்டும் இன்றும் வைத்திருக்கிறேன், அதற்கு அருமையாக உதவுகிறது.

இனி நான் நின்ற இடம். முதலில் ஒரு செய்தி, இந்த அளவுக்கு: 'வணக்கம். போன மாதம் வாங்கிய எண்ணெயைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். இன்று நான்கு மணிக்கு அழைக்கலாமா, நாளை பதினொரு மணி வசதியா? போன் வேண்டாம் என்றால் இங்கேயே எழுதுங்கள்.' எதைப் பற்றி, எவ்வளவு நேரம், எப்போது என்ற மூன்றும் இருக்க வேண்டும். 'ஒரு விஷயம் பேச வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் எதிரில் இருப்பவருக்கும் படபடப்புதான். அவர் 'நான்கு மணி' என்று எழுதிவிட்டால் என் பயத்தில் முக்கால்வாசி அங்கேயே கழன்றுவிடுகிறது. நான் தொந்தரவு செய்யவில்லை, அவர் சொல்லித்தான் அழைக்கிறேன். எனக்கு இருந்தது பேசும் பயமே அல்ல, அடுத்தவர் நேரத்துக்குள் அழையாமல் நுழையும் பயம். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. பேசுவதுதான் பயம் என்றால் இந்த வழி எவ்வளவு உதவும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பதிலே வராவிட்டால்? இங்கேயும் மூடாத கணக்குதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி கேட்பேன், அதற்கும் பதில் இல்லையென்றால் கோடு போட்டுவிடுவேன். நேரம் கேட்ட கேள்விக்குப் பதில் வராததை 'இப்போது வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வது சுலபமாக இருக்கிறது. 'எப்படி இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பதில் வராததை அப்படி எடுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

அழைக்கும் நேரத்துக்கு இரண்டு சின்ன ஏற்பாடுகள். ஒன்று, முதல் வாக்கியத்தை மட்டும் சீட்டில் முழுதாக எழுதி வைப்பேன். முழு உரையாடலையும் எழுதிப் பார்த்தேன், சரிப்படவில்லை. எதிரில் இருப்பவர் என் தாளில் உள்ள வரிசைப்படி பேசுவதில்லை. மூன்றாவது வரியிலேயே வழி தவறி, தாளைத் தேடிக்கொண்டே 'ஆமாம், ஆமாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்ன கேட்டார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது, 'மாலையில் அழைக்க வேண்டும்' என்று எழுதாமல் 'நான்கு மணி ஆனதும் ஜன்னலருகே நின்று முதல் பெயரை அழைப்பேன்' என்று எழுதுவது. இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வது காரியத்தைத் தொடங்கிவைக்கிறது என்று பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் 1999ல் எழுதியிருக்கிறார். எனக்கு ஜன்னல் வேலை செய்கிறது. அங்கே அலமாரி இல்லை.

2021ல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று போனில் பேசும் பக்கம் சாய்கிறது. பழைய நண்பரோடு தொடர்புகொள்ளச் சொன்னபோது, போனில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள் கலந்துகொண்டவர்கள். பேசிய பிறகு பார்த்தால், மின்னஞ்சல் எழுதியவர்களைவிட நெருக்கம் கூடியிருந்தது, சங்கடம் கூடவில்லை. ஆனால் அந்தப் பேச்சுகள் நண்பர்களுக்கு நடுவே நடந்தவை. விற்கிறவரும் வாங்குகிறவரும் பேசிக்கொள்வதற்கு இதை அப்படியே பொருத்த எனக்குத் துணிச்சல் இல்லை.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். என் வாடிக்கையாளர்கள் அறுபது பேருக்குள்தான், பெரும்பாலும் தெரிந்தவர்கள் அல்லது தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். முன்பின் தெரியாதவர்களை அழைத்து விற்பதில் எனக்குப் பழக்கம் மிகக் குறைவு. தொழிலில் ஆள் சேர்ப்பதற்காக யாரையும் அழைத்ததில்லை, அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டேன். வீடியோ அழைப்பு இரண்டே முறை. இரண்டிலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தாலே மூச்சடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அன்றாட வேலையே நின்றுபோகிறது என்ற அளவில் இருப்பவர்கள் சீட்டையும் ஜன்னலையும் நம்பாமல் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.

இவ்வளவும் நான் அழைக்கும் அழைப்புகளுக்கு. எனக்கு வரும் அழைப்புகள் இன்னும் கைக்கு அடங்கவில்லை. தெரியாத எண் மணியடித்தால் அடித்து ஓயவிடுகிறேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், 'அழைத்திருந்தீர்கள், இப்போது பேசலாமா?' என்று செய்தி அனுப்புகிறேன்.