மேலாளர் பதவிக்கான சிமுலேஷன் தேர்வுச் சேவை: ஒரு மதிப்புரை

பதவி உயர்வுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக வெளி நிறுவனம் ஒன்றின் சிமுலேஷன் தேர்வுச் சேவையை, அதாவது வேலையில் வரும் சூழல்களை அப்படியே உருவாக்கி வேட்பாளரைச் செயல்பட வைக்கும் தேர்வை, எங்கள் அலுவலகம் அண்மையில் பயன்படுத்தியது. தேர்வை நடத்தித் தருவதோடு நில்லாமல், குறிப்பிட்ட பணிக்கென்றே அதைப் புதிதாக உருவாக்கித் தருவதும் இந்தச் சேவையில் அடக்கம். என் கணிப்பில், உருவாக்கும் கட்டத்துக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை. இறுதியில் கைக்கு வந்த அறிக்கைதான் ஏமாற்றம் அளித்தது.

நல்ல மேலாளருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று கேட்டால், தலைமைப் பண்பு, குழு உணர்வு என்று யாரும் பாடம் ஒப்பித்துவிடுவார்கள். தேர்வை உருவாக்க வந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. அந்தப் பொறுப்பில் இருப்பவர்களிடம், நன்றாகச் சமாளித்த ஒரு சம்பவத்தையும் கைமீறிப் போன ஒரு சம்பவத்தையும் நடந்தது நடந்தபடி சொல்லச் சொன்னார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளனகன் 1954-இல் விளக்கி எழுதிய முக்கியச் சம்பவ முறை இதுதான். அப்படித் திரட்டியவற்றிலிருந்தே பயிற்சிகள் உருவாயின. ஒவ்வொரு சூழலுக்கும் எந்த நடவடிக்கை சிறந்தது என்று அனுபவம் மிக்க மேலாளர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, அவர்களுக்குள்ளேயே கருத்து பிளவுபட்ட கேள்விகளை நீக்கினார்கள். பிறகு, ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவர்களுக்கே முன்னோட்டத் தேர்வு வைத்து, திறமைசாலியும் சராசரியானவரும் ஒரே மதிப்பெண் பெற்ற கேள்விகளையும் களைந்தார்கள். பெரும்பாலான விற்பனையாளர்கள் அவசரமாகக் கடந்துபோகும் கட்டம் இது என்பதால் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

தொகுப்பின் உயிர்நாடி இன்பாஸ்கெட், அதாவது வந்து குவிந்த கடிதங்களைக் கையாளும் பகுதி. நார்மன் ஃபிரெடெரிக்சனும் அவருடைய சகாக்களும் 1950-களில், அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் அமைப்பில், விமானப்படைக்காக இதை உருவாக்கியபோது அது மேசைமேல் வைத்த காகிதக் கட்டாக இருந்தது. இங்கே மின்னஞ்சல் பெட்டியாகியிருக்கிறது. முன்னிருந்தவர் திடீரென மாற்றலாகிப் போக, வேட்பாளர் பொறுப்பேற்கிறார். யாரையும் தொலைபேசியில் பிடிக்க முடியாத நிலையில், குவிந்து கிடக்கும் கடிதங்களை முடித்தாக வேண்டும். வாடிக்கையாளர் ஒருவரின் புகார் மேலே இருக்கிறது. அதே பிரிவில் சரிபார்க்கும் ஒரே ஊழியரின் நீண்ட விடுப்பு விண்ணப்பம் பல கடிதங்களுக்குக் கீழே இருக்கிறது. எண்ணிக்கை ஒத்துப்போகாத வாராந்திர அறிக்கை ஒன்று கடைசியில் வருகிறது. வரிசையாகப் பதில் எழுதிக்கொண்டே போகிறவர் புகாருக்குப் பணிவான மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறப்பார். முதலில் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தொடங்குகிறவருக்கே மூன்றுக்கும் உள்ள முடிச்சு புலப்படும். இந்த வேறுபாடு நேர்காணலில் வெளிப்படுவது அரிது. இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் திருத்தியதும் நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாப் பதில்களையும் தட்டச்சு செய்தே ஆகவேண்டும் என்பதால், விசைப்பலகையில் வேகம் குறைந்தவர்களுக்கு யோசிக்கும் நேரமும் குறைந்துபோகிறது. இந்தப் பதவிக்கு விரல் வேகம் தேவையில்லை.

அதிருப்தியடைந்த ஊழியராக நடிகர் ஒருவர் பேசும் ரோல் ப்ளே பகுதி சுமாராக இருந்தது. எல்லா வேட்பாளருக்கும் ஒரே சீண்டல் வாக்கியங்கள் கிடைத்தால்தான் ஒப்பிட முடியும். நடிகரோ உற்சாகத்தில் சிலரிடம் கூடுதலாகவே சண்டை போட்டார். தலைவர் இல்லாத குழு விவாதத்தை விட்டுவிட்டிருந்தாலும் நட்டமில்லை, அதிகம் பேசுகிறவர் யார் என்பது எங்களுக்கு முன்பே தெரியும்.

இனி அறிக்கை. எட்டுத் திறன்கள், ஒவ்வொன்றுக்கும் தசமப் புள்ளி வரை மதிப்பெண், பக்கம் நிறையச் சிலந்தி வலை வரைபடம். பார்வைக்கு அழகுதான். ஆனால் ஒரே திறனுக்கு வெவ்வேறு பயிற்சிகளில் கிடைக்கும் மதிப்பெண்கள் தமக்குள் ஒத்துப்போவதைவிட, ஒரே பயிற்சிக்குள் வெவ்வேறு திறன்களுக்குக் கிடைக்கும் மதிப்பெண்களே அதிகம் ஒத்துப்போகின்றன என்று ஆய்வாளர்கள் பால் சாக்கெட்டும் ஜார்ஜ் டிரெஹரும் 1982-லேயே காட்டியிருக்கிறார்கள். அதாவது, இன்பாஸ்கெட்டில் ஒருவர் எப்படிச் செயல்பட்டார் என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அவருடைய ‘திட்டமிடும் திறன்’ 3.7 என்று சொல்வதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி-யில் உளவியலாளர் டக்ளஸ் பிரே 1956-இல் தொடங்கிய ஆய்வில், மதிப்பீட்டு முடிவுகளை நிர்வாகத்துக்குக் காட்டாமல் மூடி வைத்து, பல ஆண்டுகள் கழித்து யார் உயர்ந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதுபோல் உங்கள் தேர்வைச் சோதித்ததுண்டா என்று நிறுவனத்தைக் கேட்டேன். பதிலாக வந்த கையேட்டில், இதுபோல் வேலையின் ஒரு பகுதியைச் செய்ய வைக்கும் வேலை மாதிரித் தேர்வுகளுக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.54 (முழுத் தொடர்பு என்றால் 1) என்று இருந்தது. அது ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் வெளியிட்ட எண். சாக்கெட்டும் குழுவினரும் 2022-இல் மறுகணக்கிட்டபோது அது 0.33-ஆக இறங்கியது; அதே கணக்கில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.42 பெற்றது. 0.33 ஒன்றும் அற்பமான எண் அல்ல. ஆயினும், செலவு குறைந்த நேர்காணலோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய கருவியை அதற்கு மாற்றாக விற்பது சரியன்று.

ஒரே பதவிக்கு அடிக்கடி பலரைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகள் இந்தச் சேவையை எடுக்கலாம். எப்போதோ ஓரிருவரை மட்டும் தேர்ந்தெடுப்போருக்கு உருவாக்கச் செலவு கட்டுப்படியாகாது. எடுப்பவர்கள் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, மதிப்பீட்டாளர்கள் பயிற்சிவாரியாக எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் தருகிறார்கள், எங்கள் இறுதி முடிவுக்கு அவையே அதிகம் உதவின. கடிதங்களின் உள்ளடக்கம் ஒருமுறை தேர்வு எழுதியவர்கள் வழியாக வெளியே கசிந்துவிடும் என்பதால், இணையான இரண்டாவது கடிதத் தொகுப்பும் விலையில் அடங்குமா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை. தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.