ஆகாசா ஏர்: விமானம் நன்றாக இருக்கிறது, விமானிகள் நிற்பார்களா?

முதலில் கேபினைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன், அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. சென்னை–மும்பை போக ஆகாசாவில் ஏறுவது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. எல்லாமே போயிங் 737 மேக்ஸ், வாங்கிச் சில வருடங்களே ஆனவை, சீட் சுத்தம், போன் சார்ஜ் போட யூஎஸ்பி இருக்கிறது. கேபின் ஊழியர்கள் ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் சரி, யோசித்துச் செய்திருக்கிறார்கள். சாப்பாடு காசு கொடுத்துத்தான், முன்பதிவு செய்துகொண்டால் நல்லது. இவ்வளவு போதும்.

டிக்கெட் வாங்குகிறவருக்கு இதைவிட முக்கியமானது, விமானம் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கிளம்புமா என்பதுதான். காக்பிட்டில் உட்கார ஆள் இருந்தால்தான் அது நடக்கும். அதனால்தான் ஆகாசாவைப் பற்றி யார் கேட்டாலும் 2023-ஐப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன்.

2022 ஆகஸ்ட் 7 அன்று மும்பை–அகமதாபாத் வழியில் தொடங்கிய நிறுவனம் இது. ஒரே வருடத்தில் 20 விமானங்கள் வந்துவிட்டன. அந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமலேயே வேலையை விட்டுப் போனார்கள். 2023 ஆகஸ்டில் மட்டும் சுமார் 600 பயணங்கள் ரத்து, செப்டம்பரிலும் அதே நிலைமை. வெளியிலிருந்து பார்த்தால் 43 பேர் போனதற்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் கேப்டன் சீட்டில் கேப்டன்தான் உட்கார முடியும், அதுவும் அந்த வகை விமானத்தை ஓட்டப் பயிற்சி முடித்து அனுமதி (டைப் ரேட்டிங்) வாங்கியவராக இருக்க வேண்டும், வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் யாரும் பறக்கக் கூடாது, நடுவில் கட்டாய ஓய்வு வேறு, இப்படி இருக்கும்போது ஒருவர் இல்லை என்றால் கையில் கிடைத்த இன்னொருவரை ஏற்றி அனுப்ப முடியாது.

அவர்களில் பலர் போனது டாடா குழுமத்தின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அங்கேயும் 737 தான். புது வகை விமானத்துக்கு மாறினால் மாதக்கணக்கில் பயிற்சி, லட்சக்கணக்கில் செலவு. அதே வகை என்றால் சீக்கிரமே பறக்க ஆரம்பித்துவிடலாம். டாடா குழுமம் 2023 பிப்ரவரியில்தான் 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்திருந்தது, அதில் 737 மேக்ஸும் உண்டு. இத்தனை விமானம் வரப்போகிறவர்கள், பயிற்சி முடித்துத் தயாராக இருக்கும் ஆளைத்தானே தேடுவார்கள்?

அப்போது பேசியவர்களெல்லாம் "பணத்தாசை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் விமானியின் சம்பளம், பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் எத்தனை மணி நேரத்துக்குப் பணம் உத்தரவாதம் என்பதைப் பொறுத்தது. 2024-இல் விஸ்தாரா விமான நிறுவனத்தில் அந்த உத்தரவாதத்தை 70 மணி நேரத்திலிருந்து 40-ஆகக் குறைத்தபோது, விமானிகள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்து, தினசரி 25, 30 பயணங்களைக் குறைக்க வேண்டி வந்தது. அப்புறம் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, எப்போது கிடைக்கும் என்ற கணக்கு இருக்கிறது. துணை விமானியின் வலது சீட்டிலிருந்து கேப்டனின் இடது சீட்டுக்கு இங்கே ஐந்து வருடம், அங்கே மூன்று வருடம் என்றால், இளம் விமானி எதைத் தேர்ந்தெடுப்பார்? எந்த ஊரைத் தளமாக வைத்து வேலை, குடும்பத்தோடு இருக்க முடியுமா, டியூட்டி அட்டவணை கடைசி நிமிடத்தில் மாறுமா, ராத்திரி டியூட்டி எத்தனை என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் பயம் என்று நான் நினைக்கிறேன். நம் நாட்டில் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸில் மாதக்கணக்கில் சம்பளம் வராமலேயே விமானம் ஓட்டினார்கள், 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி அதுவும் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-ஆம் தேதி நின்றது, அதாவது ஆகாசாவில் இந்தச் சிக்கல் வருவதற்குச் சில மாதங்கள் முன்னால்! கூடப் படித்தவன் ஈஎம்ஐ கட்ட முடியாமல் தவிப்பதைப் பார்த்த விமானி, ஒரு வயதே ஆன நிறுவனத்தில் இருப்பதா, டாடாவிடம் போவதா என்று யோசித்தால் அதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசிவரை விசுவாசமாக நின்றவர்களுக்குத்தான் சம்பளப் பாக்கி மிஞ்சியது.

அதற்காக ராவோடு ராவாகப் போனதை நியாயப்படுத்தவில்லை. அந்த 600 பயணங்களில் கல்யாணத்துக்கும் இன்டர்வியூவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிளம்பியவர்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் என்ன தவறு செய்தார்கள்? ஆனால் விதியும் சரியில்லை. 2017-இல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ போட்ட விதிப்படி கேப்டன் 12 மாதமும் துணை விமானி 6 மாதமும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உலகத்தில் எந்த முதலாளி புது ஆளுக்காக ஒரு வருடம் காத்திருப்பார்? ஆகாசா டெல்லி, பம்பாய் உயர் நீதிமன்றங்களுக்குப் போனது, விமானிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் தலையிட முடியாது என்று டிஜிசிஏ ஒதுங்கிக்கொண்டது. விதி போட்டவர்களே ஒதுங்கினால் அந்த விதி யாருக்காக?

சரி, இப்போது நிலைமை என்ன? இங்கேதான் எனக்குக் கவலை. அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் விமானத்தில், பக்கவாட்டில் கதவுக்கான இடத்தை மூடியிருந்த பலகை வானத்திலேயே பிய்த்துக்கொண்டு போனது 2024 ஜனவரியில். அதன் பிறகு போயிங் மாதத்துக்கு 38-க்கு மேல் 737 மேக்ஸ் தயாரிக்கக் கூடாது என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு தடை போட்டது, அந்த வருடமே தொழிலாளர் வேலைநிறுத்தமும் வந்தது. ஆகாசாவின் ஆர்டர் 200-ஐத் தாண்டியது, வந்து சேர்ந்ததோ கொஞ்சம். வரப்போகும் விமானங்களை நம்பி எடுத்த விமானிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் பறக்க வாய்ப்பில்லாமல் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு துணை விமானிக்கு இதைவிடக் கொடுமை இல்லை. கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பறக்காமல் மணிக்கணக்கு ஏறாது, மணிக்கணக்கு ஏறாமல் கமாண்ட் வராது. மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தாலும் வாழ்க்கை அதே இடத்தில் நிற்கும். வேறு யாராவது கூப்பிட்டால் போகத்தான் செய்வார்கள்.

பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். வாராந்திர ஓய்வை 36-லிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய புது விதிக்குத் தேவையான விமானிகள் இல்லாமல் 2025 டிசம்பரில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. அந்த ஓய்வு விமானிக்கு மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கும்தான்.

என் மதிப்பீடு 5-க்கு 4. சேவை, சுத்தம், ஊழியர்களின் மரியாதை எல்லாவற்றுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். அவசர வேலை என்றால் காலையில் கிளம்பும் முதல் விமானத்தில் போடுங்கள், முந்தைய பயணத்தின் தாமதம் அதில் பெரும்பாலும் ஒட்டாது. குறைத்த ஒரு ஸ்டார் விமானிகள் விஷயத்துக்கு. அங்கே வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போது மாதம் எத்தனை மணி நேரம் பறக்கக் கிடைக்கிறது என்று எழுதுங்கள், நிலைமை மாறியிருந்தால் அந்த ஸ்டாரையும் சேர்த்துவிடுகிறேன்.