ஐந்து வருடமாக லினக்ஸ் மின்ட்: கொக்குவில் வீட்டு அனுபவம்

வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததிலிருந்து சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: "உங்கட பழைய கொம்பியூட்டரில வேற என்னவோ போட்டு வைச்சிருக்கிறியள், அது எங்களுக்கும் சரிவருமோ?" அந்த 'வேற என்னவோ' லினக்ஸ் மின்ட், வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய ஓர் இலவச இயங்குதளம். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

எங்களுடையது 2012இல் வாங்கிய மேசைக் கணினி. இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ராம். வின்டோஸ் 11 போட எட்டாம் தலைமுறை இன்டெல்லாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்கள் பெட்டிக்கு அது கனவிலும் வராது. ஆனால் நான் மாறியது அதற்காக இல்லை. 2020 நவம்பரில் மாறியதற்குக் காரணம் பென் டிரைவ்.

அக்கா வீட்டிலிருந்தே தமிழ்த் தட்டச்சு வேலை செய்கிறா. கோயில் திருவிழா நோட்டீஸ், டியூட்டரி வினாத்தாள், எல்லாவற்றையும் விட அதிகமாக, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டு. பென் டிரைவ் கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அதிலுள்ள ஃபோல்டர்கள் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருக்கும். அதில் ஒன்றைத் திறந்தால் கணினிக்கும் தொற்றிவிடும். ஒருநாள் அதே பென் டிரைவை லினக்ஸில் செருகிப் பார்த்தோம். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னதும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் அக்காவின் கல்வெட்டு முழுவதும் பத்திரமாகக் கிடந்தது. அந்த வைரஸ் வின்டோஸுக்காக எழுதப்பட்டது, இங்கே அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அன்று தீர்மானித்ததுதான்.

நிறுவுவது கஷ்டமில்லை. மின்ட் 20இல் பழைய கணினிக்கு ஏற்ற இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏறக்குறைய 2 ஜிபி, நடுச்சாம டேட்டாவில் இறக்கினேன். வைஃபை டொங்கிளை அது அடையாளம் காணவில்லை. ஃபோனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் போட்டதும் இன்டர்நெட் வந்துவிட்டது. மிச்சத்தை அதிலிருந்தே இறக்கினேன். கொரோனாக் கால சூம் வகுப்புகளும் இதில்தான் நடந்தன. பிறகு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். யாராவது செலவு செய்ய நினைத்தால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். கணினி தொடங்க இரண்டு நிமிடம் எடுத்தது அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

உண்மையான சோதனை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. யாழ்ப்பாணத்தில் அச்சு வேலையோடு பழகியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாமினியில் 'அம்மா' என்று நாங்கள் பார்ப்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாவிட்டால் அதுதான் வெளியே தெரியும். மாறிய முதல் நாள் அக்கா பழைய கல்வெட்டு ஒன்றைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டா: "தம்பி, இதென்னடா எல்லாம் இங்கிலீசாக் கிடக்கு?" பாமினி எழுத்துருக் கோப்பை எழுத்துரு ஃபோல்டருக்குள் போட்டு ஆவணம் எழுதும் லிப்ரே ஒஃபிஸ் செயலியை மூடித் திறந்ததும் தமிழ் வந்தது. அட்டவணைகள் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தன, அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பாமினிக் கோப்புக்குள் ஒரு பெயரைத் தமிழில் தேட முடியாது. அதனால் எல்லாவற்றையும், தமிழைத் தமிழாகவே சேமிக்கிற யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம். மாற்றித் தரும் கருவி ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று எடுத்துக்கொள்கிறது. கல்வெட்டின் பின்பக்கத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் விலாசங்கள் இருக்குமல்லவா, அங்கே ஆங்கிலத்தில் இருந்த ரொறன்ரோ 'வுழ' என்று தொடங்கும் ஒரு சொல்லாகிவிட்டது. விலாசங்களை முதலில் தனியே வெட்டியெடுத்து, தமிழை மட்டும் மாற்றி, பிறகு ஒட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கிழமை போனது.

புதிதாகத் தமிழில் அடிப்பதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுச் செயலியும், விசைப்பலகை முறைகளைத் தரும் எம்17என் பொதியும் போட்டோம். அதிலுள்ள பட்டியலில் தமிழ்99 இருக்கிறது, ஒலிப்பு முறை இருக்கிறது, இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. அக்கா ரெங்கநாதனை எடுத்தா. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது கிட்டத்தட்டச் சொந்த வீடு. நான் தமிழ்99. ஒரே கணினியில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. இதற்காகவே இந்தச் செயலிகளை இலவசமாக எழுதிக் கொடுத்தவர்களை நான் மனதார வாழ்த்துகிறேன்.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. யூபிஎஸ் பற்றரி ஏற்கெனவே செத்திருந்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே பலமுறை நின்றது. பெரும்பாலும் தானாகவே எழுந்து வந்துவிடும், ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தான் செய்யும் மாற்றங்களுக்குக் குறிப்பேடு வைத்திருப்பதால். ஒரு தடவை மட்டும் கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்து நின்றது. ஃபோனில் தேடி, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை அந்த வட்டுப் பகுதியின் பெயரோடு அடித்தேன். வரிசை வரிசையாக ஏதோ சரிசெய்தது. மறுபடி தொடக்கினேன். கல்வெட்டு இருந்தது. அந்த அரை மணித்தியாலத்தில் என் கை நடுங்கியதை மறக்க மாட்டேன். அதன் பிறகு கோப்புகளின் பிரதிக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க், முறைமையைப் பழைய நிலைக்குத் திருப்ப டைம்ஷிஃப்ட் செயலி, இரண்டும் கட்டாயம்.

பதிப்புகள் 20, 21, 22 என்று ஏறி வந்தாயிற்று. மின்ட் பதிப்புகளுக்குப் பெண்களின் பெயர் வைப்பார்கள். 20.2இன் பெயர் உமா. அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் அம்மாவுக்கு இந்தக் கணினி மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது. இப்போது இருப்பது 22, அதற்கு 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும். 4 ஜிபி ராமில் உலாவியில் பத்துப் பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும், அதை மறைக்கவில்லை.

தோற்ற இடம் பிரிண்டர். விசாரிக்காமல் வாங்கிய லேசர் பிரிண்டர் ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கவே இல்லை. இரண்டு மாதம் மெனக்கெட்டு, கடைசியில் நட்டத்துக்கு விற்றோம். அடுத்ததை வாங்க முதல் மொடல் இலக்கத்தைத் தேடிப் பார்த்தோம், செருகியதும் வேலை செய்தது.

போன ஞாயிறு கோண்டாவில் சித்தப்பா தன்னுடையதிலும் போட்டுத் தரச் சொன்னார். முதலில் பிரிண்டரின் பெயரையும் இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கோ, பாமினிக் கோப்புகள் எத்தனை இருக்கென்று பாருங்கோ என்று சொல்லியிருக்கிறேன். படம் வந்துவிட்டது. கோப்புகளை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.